கூட இருந்தவர்கள்

நோர்வேக்காரர் மத்தியானச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுவார்கள். வீட்டிலிருந்து பாண் துண்டுகளை மெழுகுத்தாளில் சுற்றி, ஆளுக்கொரு பொதியாகக் கொண்டுவருவார்கள். 'மாத்பக்கே' என்று அதற்குப் பெயர். எல்லோரும் ஒரே மேசையில்தான் இருப்போம். ஆனால் ஒருவர் பொதியை மற்றவர் எட்டியும் பார்ப்பதில்லை. இந்தக் கணினி நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் நான் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டுபோய், பக்கத்திலிருந்த இங்கரிடம் பெட்டியை நீட்டினேன். அவள் பெட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஏன், உனக்குப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள். குப்பைவாளி இருக்கிற இடத்தையும் காட்டினாள். நல்ல மனுசி, பாவம், உதவிதான் செய்தாள். அன்றிலிருந்து நானும் என் பெட்டியை என் பக்கம் இழுத்து வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

குளிர்காலத்தில் அந்த நேரம் இலங்கையில், எங்கள் ஊரான கண்டாவளையில், பின்னேரம் நாலு மணி. என் அக்கா பவளத்தின் வீட்டு விறாந்தையில் ஆட்கள் சேருகிற நேரம். ஊருக்கென்று நான் ஒரு வலைப்பதிவுத் தளம் நடத்துகிறேன். ஒரே தளம், அதற்குள் வீட்டுக்கு வீடு ஒரு பக்கம். மூல நிரல் ஆரோ எழுதி இலவசமாக விட்டது. எங்களுக்கு வேண்டியதைப் பிளகின் என்ற துணை நிரலாக எழுதி அதோடு சேர்க்கலாம். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டை இடிக்காமல் பக்கத்தில் பத்தி இறக்கிச் சமைக்கக் குசினி போடுகிறோமே, அதேதான். சிக்னல் குறைந்த இடத்திலும் படம் போகட்டும் என்று படத்தைச் சுருக்க ஒரு பிளகின் எழுதினேன். எழுதப் பஞ்சிப்படுகிறவர்களுக்குக் குரலைப் பதிய இன்னொன்று. இரண்டையும் ஊர் சந்தோசமாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் வீட்டுக்கு வீடு நான் கொடுத்த பக்கங்களை ஒருவரும் சீண்டவில்லை. பின்னேரமானால் அக்கா வீட்டுக்கு வந்து, அக்காவின் லப்டொப்பில், அக்காவின் கணக்குக்குள்ளேயே எல்லோரும் எழுதினார்கள். "இது மலர் எழுதுறன். எங்கடை வயலுக்குத் தண்ணி இன்னும் வரேல்லை" என்று முன்வீட்டு மலர் தொடங்குவாள். அடுத்த வரியிலேயே, "சும்மா சொல்லுறாள், காலமையே வந்திட்டுது. இது மாமி" என்று பக்கத்து வளவுச் சிவகாமி மாமி குறுக்கே விழுவா. ஒரு பதிவுக்குள்ளேயே சண்டை தொடங்கி, சமாதானமாகி, மீன்குழம்பில் போய் முடியும். நான் மேசையிலிருந்து அதை வாசித்துத் தனியே சிரிப்பேன். சொல்ல என்ன வெட்கம், இந்த நாட்டில் என்னைச் சிரிக்கவைக்க வேறு ஆருமில்லை.

ஒருநாள் இங்கர் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். பெருமையோடு தளத்தைக் காட்டினேன். மாமியின் பகிடியை நோர்வேஜிய மொழியில் சொல்லிப் பார்த்தேன், அது செத்துப்போனது. அவள் கண்ணில் பட்டது வேறு விசயம். "ஊர் முழுக்க ஒரே கடவுச்சொல்லா? அது பெரிய ஆபத்து. ஒரு ஆளுக்கு ஒரு கணக்கு." நான் படித்த படிப்பும் அதைத்தானே சொல்கிறது. வெட்கமாய்ப் போய்விட்டது. அந்த ரோசத்தில் சனி ஞாயிறெல்லாம் குந்தியிருந்து ஒரு பிளகின் எழுதினேன். ஆளுக்கொரு கடவுச்சொல். அவரவர் கைபேசிக்கு ஓர் இலக்கம் வரும், அதைப் போட்டால்தான் திறக்கும். கொஞ்சநேரம் சும்மா இருந்தால் தானே பூட்டிக்கொள்ளும். இங்கர் பார்த்துவிட்டு மிக நேர்த்தி என்றாள்.

தளத்தில் அதைப் பொருத்தியதும் எல்லோரும் தத்தம் பக்கத்தில் 'வணக்கம்' என்று ஒரு சொல் போட்டார்கள். பிறகு ஒன்றுமில்லை. மத்தியானத்தில் கைபேசியைத் திறந்தால் வணக்கம், வணக்கம், வணக்கம். செத்தவீட்டு வாசலில் நிற்கிறமாதிரி இருந்தது. பொறுக்கமாட்டாமல் அக்காவுக்குக் கோல் எடுத்தேன்.

"ஏன் அக்கா ஒருத்தரும் எழுதேல்லை?"

"ஆளாளுக்குக் கதவு வைச்சுப் பூட்டிப்போட்டு, ஏன் ஒருத்தரும் வரேல்லை எண்டு கேக்கிறாய். உனக்கென்ன விசரே?"

"வீட்டிலை இருந்தே எழுதலாம் தானே. ஒருத்தரும் அலையத் தேவையில்லை."

"தனியக் குந்தியிருந்து என்னத்தையடா எழுதுறது? மலர் ஒண்டைச் சொல்ல, மாமி இல்லையெண்டு சொல்ல, அதிலைதானே கதை வாறது. இப்ப அவையவை வீட்டிலை ஃபோனைப் பாத்துக்கொண்டு இருக்கினம். இஞ்சை வர ஒரு அலுவலும் இல்லை. உன்ரை அத்தான் மோசம் போனாப்பிறகு பின்னேரம் எண்டால் எனக்கு அதுதான் தம்பி. இப்ப மலர் வீட்டு நாய் மட்டும்தான் வந்து எட்டிப் பாத்திட்டுப் போகுது."

இங்கே நான் படுகிற தனிமையைப் பிளகினாக எழுதி அக்காவின் விறாந்தையில் பொருத்தியிருக்கிறேன். எனக்கு இது தெரியாமலா இருந்தது? அந்தக் காலத்தில் சின்ன மாமா வெளிநாட்டிலிருந்து பேசுகிறார் என்றால் பரந்தன் சந்தியிலிருந்த கொமினிகேசனுக்கு, அந்தத் தொலைபேசிக் கடைக்கு, வீட்டிலுள்ள அத்தனைபேரும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போவோம். றிசீவர் கைமாறிக்கொண்டே இருக்கும். அம்மா தொடங்கிய வசனத்தைச் சின்ன மாமி முடிப்பா. வரிசையில் நிற்கிற, எங்களைத் தெரியாத ஒரு மனுசி, "தம்பியைக் குளிருக்குக் கவனமாய் இருக்கச் சொல்லுங்கோ" என்பா. அதையும் யாராவது மாமாவுக்குச் சொல்வார்கள். தனியாக ஒருவர் பேசி நான் கண்டதில்லை.

அன்றைக்கே அந்தப் பிளகினை நிறுத்தினேன். ஆனால் கலைந்த ஆட்கள் கணினி சொல்லித் திரும்பி வருவார்களா? அக்கா வீடுவீடாகப் போய்க் கூப்பிட்டா. நான் என் பங்குக்கு ஒரு சின்னப் பிளகின் எழுதினேன். பதிவின் அடியில் 'எழுதியவர்' என்று ஒரே பெயருக்கு இடமிருக்கும். அதை எடுத்துவிட்டு, 'கூட இருந்தவர்கள்' என்று வைத்து, எத்தனை பெயரும் போடலாம் என்று விட்டேன். இங்கருக்குக் காட்டவில்லை.

போன கிழமை மத்தியானம் பெட்டியைத் திறக்கப்போக, ஒரு பதிவு வந்தது.

"நெல்லு வெட்ட மெசின் நாளைக்கு வருமாம் எண்டு மலர் சொல்லுறாள். போன கிழமையும் இப்பிடித்தான் சொன்னவள். இது மாமி."

அடியில் பார்த்தேன். கூட இருந்தவர்கள்: பவளம், மலர், சிவகாமி மாமி, தம்பி.

உடனே கோல் எடுத்தேன். "அக்கா, நான் அங்கை இல்லையே. ஏன் என்ரை பேரைப் போட்டனீங்கள்?"

"லப்டொப் வைக்கிற கதிரையை உன்ரை கதிரை எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை. வேறை ஆரையும் அதிலை இருக்க விடுறேல்லை. மாமி முழங்கால் நோவோடை நிலத்திலை இருந்து என்னை ஏசிக்கொண்டிருக்கிறா. பிறகென்ன?"

பின்னால் மாமியின் குரல் கேட்டது, மலரின் சிரிப்பும். பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டேன்.

இங்கர் நிமிர்ந்து பார்த்தாள். "யாரோடு பேசினாய்?"

"வீட்டாரோடு."

"நீ தனியாகத்தானே இருக்கிறாய்?"

ஓம் என்றேன், தமிழிலேயே. அவள் தலையாட்டிவிட்டுத் தன் பொதியைப் பிரித்தாள்.

பிழையான பெயரை நீக்க நிர்வாகிக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. நான்தான் அதை வைத்தேன். அதை நான் தொடவில்லை. கண்டாவளையில் என் கதிரையில் லப்டொப் இருக்கிறது, பதிவின் அடியில் என் பெயர் இருக்கிறது. இந்தக் கதிரையில் நானே இருக்கிறேன். ஆனால் கூட இருந்தவர்கள் என்று கேட்டால், இந்த மேசையில் என் பெயரை ஆர் போடப்போகினம்?