கொட்டகைக்குள் நின்ற விமானமும் யோகாக்காவும்

யோகாக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் லண்டன் லூயிஷாமில் வேலைக்கு ரயில் ஏறி, இருக்க இடமில்லாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தது அவருடைய மகள் அபிராமி. "குகன் மாமா, அம்மா காலமை எழும்பேல்லை" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஆங்கிலத்தில் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி, அங்கே கிடந்த நீள வாங்கிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன்தான். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், அந்த அழுகைக்கு நடுவே முதலில் வந்து நின்றது அவருடைய ஒரு முகம்: வாய் நிறைய மட்டன் ரோல்ஸோடு, ஒரு கொட்டகை வாசலில் நின்று, யாருக்கோ கைகாட்டிச் சிரிக்கிற முகம். வாங்கிலின் மறுமுனையில் இருந்த பெண்மணி, அழுதுகொண்டே சிரிக்கிற என்னைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பலருக்கு அந்தக் கொட்டகை தெரியும். அன்றைக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். யோகாக்காவின் வேலையை நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து கெடுத்துவிட்டோமே என்ற மனக்குறையோடு வீட்டுக்குப் போனீர்கள். கோயிலில் அவரைக் காணும்போதெல்லாம் சிலர் அதைக் கேட்டீர்கள். அவர் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் இருந்தது. இப்போது பணம் போடுகிறவர்கள் கையெழுத்திட்டுவிட்டார்கள். கம்பனியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டு எழுதலாம் என்று நான் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆகவே இது அஞ்சலி மட்டுமல்ல, உங்கள் கேள்விக்கு அவர் சொல்ல முடியாமல் போன பதிலும்கூட.

யோகாக்காவை நீங்கள் கோயில் மடைப்பள்ளியிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் கண்டிருப்பீர்கள். தோர்ண்டன் ஹீத்தில் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பியவர்கள் இல்லை என்றே சொல்லலாம். என்ன வேலை என்று கேட்டால் "பிளேன் பார்க்கிறது" என்று சொல்லி முடித்துவிடுவார். அவர் விமான நிலையத்தில் ஏதோ வேலை செய்கிறார் என்றே பலர் நினைத்திருந்தீர்கள். அவர் விமானப் பொறியியலாளர். நான் கணக்கு ஆள். ஒரு விமானத்தை நம்பிப் பணம் போடலாமா என்று வங்கிகளுக்குச் சொல்லுகிற அலுவலகம் எங்களுடையது. அவர் விமானத்தைப் பார்ப்பார், நான் பணத்தைப் பார்ப்பேன், பிறகு இரண்டு பேரும் ஒரு மேசைக்கு இரு பக்கமும் இருந்து சண்டை பிடிப்போம். நான் ஜெர்மனியில் வளர்ந்து இங்கே வந்தவன். அதனால் என்னை 'ஜெர்மன்காரன்' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் குகன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த விமானத்தைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்வதற்கு முன்பு அதில் ஒருமுறை ஏறிப் போய் வருவார். அலுவலகம் முன்பக்க இருக்கை எடுத்துக் கொடுத்தாலும் மாற்றிக்கொண்டு, பின்னால், கழிப்பறைக்குப் பக்கத்துக் கடைசி வரிசையில் போய் இருப்பார். "முன்னுக்கு இருந்தா எல்லாப் பிளேனும் நல்ல பிளேன்தான்" என்பார். ஒருமுறை என்னையும் அப்படி இழுத்துக்கொண்டு போனார். சாய்க்க முடியாத இருக்கையில் என் முதுகு முறிந்தது. அவரோ யார் எந்தப் பையை எங்கே வைக்கிறார்கள், எந்தப் பிள்ளை எப்போது அழுகிறது என்று கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பெரிய வேலை வந்தது. ஒரு கம்பனி புதிதாக மிகப்பெரிய பயணிகள் விமானம் ஒன்றைச் செய்யப் புறப்பட்டிருந்தது. மேலும் கீழுமாக இரண்டு தட்டு, நடுவே படிக்கட்டு. விமானம் இன்னும் தாளில்தான் இருந்தது. அதைத் தாளிலிருந்து வானத்துக்குக் கொண்டுபோகப் பல வருடங்களும் பல வங்கிகளும் வேண்டும். யோகாக்காவின் கணவர் சண்முகநாதன் அண்ணை ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "அப்பிடி என்னப்பா உங்களுக்கு இதிலை தலையிடி?" என்று கேட்டார். "வீட்டு மோர்ட்கேஜ் கடன் மாதிரித்தான் இதுவும்" என்றார் யோகாக்கா. "ஆனா வீடு இன்னும் கட்டேல்லை. கட்டுறவனுக்கும் அது நிக்குமோ தெரியாது. வாடகைக்கு ஆர் வருவினம் எண்டும் தெரியாது. பாங்க்காரன் எங்களைக் கேக்கிறான், குடுக்கலாமோ எண்டு." விமான நிதி பற்றி நான் படித்த படிப்பில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

எல்லாம் ஒரு விஷயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய விமானம் வந்து இறங்கினால், நூற்றுக்கணக்கானவர்களை இறக்கி, அதேயளவு பேரை ஏற்றிக்கொண்டு சட்டென்று கிளம்ப வேண்டும். தரையில் நிற்கிற விமானம் உழைக்காது. உழைக்காத விமானத்துக்குக் கடன் கட்ட ஏலாது. மற்ற விமானங்களைப் போலவே விரைவில் ஏற்றிவிடலாம் என்று கம்பனி கணினியில் செய்து காட்டியது. திரையில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக வந்து தங்கள் இடத்தில் அமர்ந்தன. யோகாக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காதுக்குள், "இதிலை ஒருத்தருக்கும் குடும்பம் இல்லையோ?" என்று கேட்டார்.

கிழக்கு லண்டனில், ஆற்றுப் பக்கமாக ஒரு கொட்டகைக்குள் அந்த விமானத்தின் உடம்பை மரத்தாலும் தகட்டாலும் உண்மை அளவில் செய்து வைத்திருந்தார்கள். மாணவர்களையும் தங்கள் ஊழியர்களையும் ஏற்றி இறக்கி ஏற்கனவே சோதித்து முடித்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஒரே அளவு வெறும் பை. "இன்னொருக்கால் செய்வம். இந்த முறை நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார் யோகாக்கா. எங்கள் அலுவலகத் தலைவர் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது எனக்குத் தெரியும். எங்கள் கட்டணத்தைக் கட்டுகிற இந்தக் கம்பனி கோபித்துக்கொண்டு வேறு ஆலோசகரிடம் போனால், அலுவலகத்தின் பங்காளர் என்ற யோகாக்காவின் பதவி, அந்தக் கதிரை, இராது. வெளியே வந்தவர், "கதிரைதானே, ஐக்கியா கடையிலை வாங்கலாம்" என்றார். ஆனால் அந்தக் கதிரைக்கு வர அவர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் அவர் உங்களுக்குச் சொன்னது ஒரே ஒரு வசனம். "ஊருக்குப் போற மாதிரி வெளிக்கிட்டு வாங்கோ."

நீங்களும் அப்படியே வந்தீர்கள்! ஐயோ, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஏற வேண்டியவர்களைவிட வழியனுப்ப வந்தவர்கள் கூடுதல். கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டிய சூட்கேஸ்கள். பெட்டியின் நிறை கூடிவிடுமோ என்று பயந்து கைப்பைக்குள் திணித்த ஹோர்லிக்ஸ் போத்தல்கள். பிளேஸ்டோவிலிருந்து வந்த தவம் அண்ணை, கோடை வெயிலில், ஒன்றுக்குமேல் ஒன்றாக மூன்று ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். "என்ன அண்ணை இது, பறக்காத பிளேனுக்கு?" என்று கேட்டேன். "ஊருக்குப் போற மாதிரி எண்டவ. நான் இப்பிடித்தான் போறனான்" என்றார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு. ஒரு அம்மா வாசலில் மரக்கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக அப்படியே செய்தார்கள். வரிசை அங்கேயே நின்றுவிட்டது.

உள்ளே போன பிறகு கேட்கவா வேண்டும். இருக்கைகளைக் கணினி பிரித்துக் கொடுத்திருந்தது. "மனிசி மேலை, நான் கீழையோ? அது சரிவராது" என்று ஒருவர் படியேறினார். மேலேயிருந்து அவருடைய மனைவி அவரைத் தேடி இறங்கினார். ஒடுங்கிய படியின் நடுவில் இரண்டு பேரும் சந்தித்தார்கள், இரண்டு பைகளோடும். அவர்களுக்குப் பின்னால் இரு பக்கமும் சனம். "தம்பி, என்ரை பையை நசுக்காதையும், முறுக்கு இருக்கு" என்று ஒரு குரல். வழியனுப்ப வந்தவர்களில் யாரோ ரோல்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டார். அது கைமாறிக் கைமாறி மேல்தட்டுக்குப் போனது. சோதனைக்குப் பொறுப்பான ஜெர்மானியர், எனக்கு விளங்காது என்ற நினைப்பில், பக்கத்தில் நின்றவரிடம் தன் மொழியில் முணுமுணுத்தார்: "இவர்கள் விமானம் ஏறவில்லை, குடிவருகிறார்கள்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரியாதையும் ஜெர்மன்காரன். வடிவாப் பாரும்" என்றார் யோகாக்கா. அவர் சிரிக்கவில்லை. படியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி ஆள் அமர்ந்தபோது கம்பனி சொன்ன நேரம் எப்போதோ கடந்து போயிருந்தது.

முடிந்து வெளியே வந்தபோது எல்லார் முகமும் விழுந்திருந்தது. கோயில் பொருளாளர் கனகசபை ஐயா யோகாக்காவிடம் வந்து, "பிள்ளை, உம்மடை வேலையைக் கெடுத்துப்போட்டம் போலை. வெள்ளைக்காரர் மூஞ்சையைப் பாக்கேலாமல் கிடக்கு" என்றார். அப்போதுதான் யோகாக்கா சிரித்தார். "நல்ல வடிவாச் செய்தீங்கள் ஐயா. ரோல்ஸ் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டு வாங்கி, வாய் நிறையத் தின்றுகொண்டு உங்களுக்குக் கைகாட்டினார்.

அடுத்த கிழமைக் கூட்டத்தில், அந்தச் சோதனை செல்லாது என்று கம்பனி வாதாடியது. வந்தவர்கள் அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லையாம். யோகாக்கா எழும்பினார். கண்ணாடிச் சுவர் அறை, மேசையைச் சுற்றிக் கோட்டுப் போட்டவர்கள். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "அவசரமாகக் கூட்டத்துக்குப் போகிறவன் உங்கள் விமானத்துக்குக் காத்திருக்கமாட்டான். எது முதலில் போகிறதோ அந்தச் சின்ன விமானத்தில் ஏறிவிடுவான். இவ்வளவு பெரிய விமானத்தை நிரப்பப்போவது வீட்டுக்குப் போகிறவர்கள். பிள்ளைகளோடு, பெற்றோரோடு, பைகளோடு வருவார்கள். நான் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் என் ஆட்கள். உங்கள் கடனைக் கட்டப்போகிறவர்களும் அவர்கள்தான். படியை அகலமாக்குங்கள். குடும்பத்தை ஒரே தட்டில் இருத்துங்கள். அதுவரை என் கையெழுத்து இல்லை." படியை அகலமாக்கினால் இருக்கைகள் குறையும், வருமானம் குறையும். அது நானே போட்டுக் கொடுத்த கணக்கு.

கதிரை போனது. பங்காளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள், அந்த வேலையிலிருந்தும் எடுத்தார்கள். பின்பக்கம் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். நான் கொதித்தேன். நானும் விலகுகிறேன் என்று போய் நின்றேன். "விசர்க்கதை கதையாதையும் குகன். நீரும் போனா அந்தப் படியைப் பற்றி ஆர் கதைக்கிறது?" என்று திருப்பி அனுப்பினார். நான் இருந்தேன், கூட்டத்துக்குக் கூட்டம் கதைத்தேன். அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு அந்தப் பொறுமை வந்திராது.

பிறகு, அந்த விமானத்தை முதன்முதலாக வாங்கவிருந்த விமான சேவையினர், கம்பனி செல்லாது என்று தள்ளிவைத்த சோதனையின் படப்பதிவைப் பார்க்கக் கேட்டார்கள். அவர்களோடு விமானப் பணியாளர்களின் தலைவி ஒருவரும் வந்திருந்தார். படியில் கணவனும் மனைவியும் மாட்டிக்கொண்ட இடம் வந்ததும் அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "இது சோதனையே இல்லை, எங்கள் விடுமுறைக் காலத்து விமானம்! ஒவ்வொரு வருடமும் நான் இதற்குள்தான் நிற்கிறேன்" என்றார். படியை மாற்றினால்தான் வாங்குவோம் என்று அவர்கள் சொன்ன பிறகு கம்பனிக்கு வேறு வழி இருக்கவில்லை. விமானம் திரும்ப வரையப்பட்டது. வங்கிகள் சம்மதித்தன.

எங்கள் தலைவர் யோகாக்காவின் அறைக்கே போய், பழைய இடத்துக்கு வரும்படி கேட்டார். நல்ல மனிதர்தான், குரல் இறங்கித்தான் கேட்டார். யோகாக்கா மாட்டேன் என்றுவிட்டார். "அங்கை யன்னல் இல்லை. இங்கை இருந்தா வானம் தெரியுது" என்று என்னிடம் சொன்னார். மனவருத்தத்தை மறைக்கிறாரோ என்று நான் முகத்தைப் பார்த்தேன். இல்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, தரையிறங்கப் போகிற விமானம் ஒன்றைக் காட்டி, "உதின்ரை கடைசி வரிசை மோசம்" என்றார். கடைசிவரை அந்த அறையில்தான் சந்தோஷமாக இருந்தார்.

போன கிழமை நான் கொட்டகைக்குப் போனேன். புதிய படி வந்துவிட்டது. பையோடு நான் ஏற, பையோடு அந்த ஜெர்மானியர் இறங்கினார். தோள் முட்டவில்லை. கீழே வந்ததும் என்னிடம் ஜெர்மன் மொழியிலேயே, "இதை அவருக்குக் காட்டத்தான் ஆசையாக இருந்தேன்" என்றார்.

யோகாக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அந்தக் கண்ணாடி அறையில் 'என் ஆட்கள்' என்று அவர் சொன்னபோது குரல் கொஞ்சமும் தாழாமல் இருந்ததை. உங்களுக்கு அவர் விட்டுப்போனது வேறு. அந்த விமானம் பறக்க இன்னும் வருடங்கள் ஆகும். ஒருநாள் நீங்கள் அதில் ஊருக்குப் போவீர்கள். மேல்தட்டுக்கு ஏறும்போது எதிரே யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவார். நீங்களும் நிற்கமாட்டீர்கள், அவரும் நிற்கமாட்டார். அந்த இடம் சும்மா கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். யோகாக்கா தன் கதிரையைக் கொடுத்து உங்களுக்கு வாங்கித் தந்த இடம் அது.