ஜன்னத்தும் என் வலது தோளும்

ஆவியில் நனைந்த வாத்து இறகின் வாடை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சங்கரன்கோவிலின் வறண்ட வெயிலுக்கு பாட்மிண்டன் ஷட்டிலின் இறகு நாலு அடியில் ஒடிந்துவிடும். அதனால் காலையிலேயே அம்மாவின் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றி, ஷட்டில் டப்பாவின் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஆவியில் காட்டுவேன். கோழியை வெந்நீரில் முக்கியது போல வீடெல்லாம் நாறும்.

"இதுக்குப் பொறவு இதுல இட்லி அவிச்சா எவன் திம்பான்?" என்று அம்மா கத்துவாள். அப்பா வழக்கத்தைவிட இரண்டு கூடுதலாகவே தின்பார்.

அந்த டப்பாவோடு நான் கோர்ட்டுக்குப் போகும்போது என் ஆட்ட ஜோடி ஜன்னத் கடையநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து காத்திருப்பாள். கோர்ட் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள்... ஒரு பழைய நூல் குடோன். பக்கத்தில் தறி ஓடுகிற சத்தத்தில் கத்தித்தான் பேச முடியும்.

பன்னிரண்டு வயதில் அங்கே ஜோடி சேர்ந்தோம். பாஸ்போர்ட் எடுத்ததும் ஒன்றாகத்தான். காட்மாண்டு, கொழும்பு, கோலாலம்பூர்... ஊர்ப் பெயர்தான் பெரிது. பார்த்ததெல்லாம் ஏர்போர்ட்டும் ஸ்டேடியமும்தான். ஆனால் சட்டையின் முதுகில் இந்தியா என்று இருக்கும். அதைத் துவைத்துக் கொடியில் போட்டால் அம்மா எழுத்து தெருப்பக்கம் தெரிகிற மாதிரித் திருப்பிப் போடுவாள்.

இரட்டையர் ஆட்டத்தில் அடித்து ஆடும்போது ஒருத்தி முன்னால் நெட் பக்கம் நிற்பாள், ஒருத்தி பின்னால் நின்று ஸ்மாஷ் அடிப்பாள். எங்களில் பின்னால் நிற்பவள் நான். என் ஸ்மாஷுக்கு அப்போது ஒரு பெயர் இருந்தது.

பிறகு வலது தோளில் வலி வந்தது. யாருக்கும் சொல்லாமல் திருநெல்வேலிக்குப் போய் ஸ்கேன் எடுத்தேன். "தசைநார் கிழிஞ்சிருக்கும்மா. ஆபரேஷன் பண்ணணும். அதுவரைக்கும் மட்டையத் தொடாத," என்றார் டாக்டர். ரிப்போர்ட்டைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் சொருகினேன்.

ஜன்னத்திடமும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன... ரேங்கிங் என்பது ஜோடிக்குத்தான். ஜோடி உடைந்தால் புள்ளியும் போச்சு. நான் கட்டிலில் கிடக்கும்போது அவள் வேறொருத்தியோடு போய்விட்டால் என் கதி?

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். ஒவ்வொரு ரேலியிலும் மெல்ல முன்னால் நகர்ந்து நெட்டில் நின்றுகொண்டேன். அங்கே கையைத் தலைக்கு மேல் தூக்கும் வேலை குறைவு. பின்னால் முழுக் கோர்ட்டையும் ஜன்னத் ஓடி ஓடிப் பார்த்தாள். "கோமதிக்கு நெட் ஆட்டம் பிரமாதமா வந்துட்டே" என்று எல்லாரும் பாராட்டினார்கள். வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஹைதராபாத் பெண் ஒருத்தி ஜன்னத்தைக் கூப்பிட்டாள். அவளுடைய பார்ட்னர் ஆட்டத்தை விட்டுவிட்டாளாம். எங்களைவிட எவ்வளவோ மேலே இருந்தவள். அவளோடு சேர்ந்தால் ஜன்னத்துக்கு ஆசிய விளையாட்டுக்குப் போகிற இந்தியா டீமிலேயே இடம் கிடைத்திருக்கும்.

அந்த வாரம் ஒரு நாள் நாங்கள் சேர்ந்து வந்த பஸ் புளியங்குடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னத் என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. உனக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"எனக்கு என்னட்டி? நல்லாத்தான இருக்கேன். நாம ரெண்டு பேரும் இன்னும் ரெண்டு வருஷம் ஆடுனா எங்கேயோ போயிரலாம்."

ஜன்னத் அந்தப் பஸ்ஸிலிருந்தே ஹைதராபாத் பெண்ணுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். தானும் படுக்க மாட்டாள், தள்ளியும் படுக்க மாட்டாள் என்பார்களே... அது நான்தான்.

அடுத்த மாதம் கோலாலம்பூர். முதல் சுற்று, மூன்றாவது செட். பள்ளிப் பிள்ளைகூட அடித்துவிடும், அப்படி ஒரு ஷட்டில் என் தலைக்கு மேலே மெதுவாக வந்தது. கை எழும்பவில்லை. அது பின்னால் விழுந்தது, நானும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தனி ஆட்டத்தில் விழுந்தவள் மட்டும் வெளியே போவாள். இரட்டையரில் விழாதவளும் போகவேண்டும். ஒரு கீறல்கூட இல்லாத ஜன்னத் எதிரணிக்குக் கை கொடுத்துவிட்டு, என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் ஆடிய கடைசி வெளிநாட்டு ஆட்டம் அது.

என் ஆபரேஷன் முடிவதற்குள் ஹைதராபாத் பெண்ணுக்கு வேறு ஜோடி கிடைத்துவிட்டது. ஜன்னத் இரண்டு பேரோடு சேர்ந்து பார்த்தாள், எதுவும் அமையவில்லை. பிறகு நிக்காஹ். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, அவள் கடையநல்லூரிலேயே. நான் இங்கேயே ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். ஸ்மாஷ் எப்படி அடிப்பது என்று வாயால்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இத்தனை வருஷமும் அந்த ரிப்போர்ட் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. போன மாதம் கடையநல்லூருக்குப் போய், அவள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுன்னு தெரியும், கோமதி. பின்னால நின்னு உன் முதுகத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். கிழிஞ்சிருக்குன்னுதான் தெரியாது. அதான் பஸ்ஸுல கேட்டேன்."

குழாயை மூடினாள்.

"சொல்லியிருந்தா உனக்குச் சரியாகுற வரைக்கும் அவ கூட ஆடிட்டு, பொறவு உன்கிட்டயே வந்திருப்பேன்லா. நான் எங்கட்டி போவப் போறேன்?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இப்படி ஒரு வழி இருந்தது என்பதே என் புத்திக்கு எட்டவில்லையே... பதினோரு வருஷம் என்னோடு ஆடியவளை அவ்வளவுதான் நம்பியிருக்கிறேன்.

அப்போதெல்லாம் பாயிண்ட் போனால் மூச்சு வாங்குவதற்குள் கையோடு கை தட்டிக்கொள்வோம். யார் தப்பு என்று கேட்க மாட்டோம். விடு, அடுத்தது... அவ்வளவுதான்.

அன்றைக்குக் கிளம்பும்போது அந்தப் பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"கை ஈரமா இருக்குட்டி," என்றாள்.