எறும்பு மொய்த்த போத்தல்

கர்ப்பிணியின் சலம், அதாவது சிறுநீர், கிளினிக்கிலேயே பெறப்பட்டு, மருத்துவிச்சியின் முன்னிலையில் சோதிக்கப்பட வேண்டும். சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. கிளினிக் நடக்கும் மண்டபத்துக்கு ஒரு மலசலகூடம் வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே அறுபதுகளின் கடைசியில், கொக்குவிலில் நான் மருத்துவிச்சியாக இருந்தபோது, பெண்கள் வீட்டிலிருந்தே போத்தலில் கொண்டுவந்தார்கள். நானும் சோதித்து, விதிப்படி நடந்ததாகக் கையொப்பமிட்டேன்.

ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு வெள்ளைபடுதலும் தாங்கமுடியாத கடியும் அரிப்பும் இருந்தன. என்னிடமிருந்த அட்டையில் அதற்குக் கட்டமே இல்லை. 'வேறு' என்ற இடத்தில் எழுதினேன். அவளுடைய முதற்பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து இறந்திருந்தது. இதுவும் அப்படிப் போய்விடுமோ என்பதுதான் அவளுடைய பயம். மாமியார் இதைச் சூடு என்று தீர்மானித்து, நாளுக்கு இரண்டு வேளை இளநீரில் பனங்கட்டி கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டொக்டர் பார்த்துவிட்டுப் பூஞ்சணம் என்றார். ஊதா மருந்து பூசினோம். அடங்கியது, இரண்டு கிழமையில் திரும்பியது. சேலையிற் பட்ட ஊதாக் கறையைச் சலவைக்காரர் விசாரித்தாராம். பேனை மை என்றாளாம். அந்த வீட்டில் அவ்வளவு எழுதுகிறவர் யார் என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது என்னை விடவில்லை. வேறு வருத்தத்துக்கு மருந்து எடுத்தாளா, ஈரத்துணியோடு இருக்கிறாளா, கிருமிநாசினி போட்டுக் கழுவுகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். மிஞ்சியது சீனி வருத்தம். அதுவும் இல்லை என்று மூன்று தடவை நானே எழுதியிருந்தேன். சீனி இருந்தால் பச்சை, மஞ்சள், செங்கல் என்று நிறம் மாறும் கரைசல், சலத்தைச் சேர்த்துக் காய்ச்சியபோது மூன்று முறையும் நீலமாகவே நின்றது.

அடுத்த முறை அவளுடைய வீட்டுக்குப் போனபோது, கரைசலையும் சோதனைக் குழாயையும் ஸ்பிரிட் விளக்கையும் கொண்டுபோனேன். அங்கேயே சலம் எடுத்துத் தரச் சொன்னேன். கரைசல் செங்கல் நிறமானது. குழாயைக் கழுவி மறுபடி காய்ச்சினேன். அதே நிறம்.

"இதுவரை கொண்டுவந்தது ஆரின்ரை?" என்று கேட்டேன்.

அவள் குசினிப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "தங்கச்சியின்ரை, மிஸி. என்ரை போத்தலிலை எறும்பு மொய்ச்சுப்போச்சு. ஊத்தைப் போத்தல் எண்டு நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை பேசுவியள் எண்டு..."

"மூண்டு தரமுமோ?"

"ஓம். மூண்டு தரமும் எறும்பு வந்தது."

பேசியிருப்பேன்தான். அதை நான் மறுக்க முடியவில்லை. ஊத்தைப் போத்தல் கொண்டுவந்த ஒருத்தியை முதல் சோதனைக்கு முந்திய மாதம் கடிந்து பேசியபோது, இவள் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள். எறும்புகள் மூன்று முறை சரியாகச் சோதித்துச் சொன்னதை, என் வாய்க்குப் பயந்து அவள் கொட்டிவிட்டிருந்தாள்.

மாமியாருக்குச் சூடு பற்றி நான் ஒன்றும் விளக்கவில்லை. இளநீர், பனங்கட்டி இரண்டையும் டொக்டர் நிறுத்தச் சொன்னார் என்றேன். டொக்டர் அவளுடைய இரத்தத்தை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். முடிவுக்குக் காத்திராமல் சோற்றையும் குறைத்தார். கிழமைக்கு இருமுறை நான் போய்ச் சலம் பார்த்தேன். செங்கல் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகியது. கடியும் விட்டது. பத்தாம் மாதம் ஆண்பிள்ளை பிறந்து, வீடு அதிர அழுதது.

இரத்தத்தில் சீனி கூடுதலாக இருப்பதாகவும், கர்ப்பிணியை உடனடியாகக் கவனிக்குமாறும் ஆய்வுகூடம் எழுதிய பதில், பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துப் பிள்ளையைத் தொட்டிலில் இட்ட முப்பத்தோராம் நாள், யூலை பதினெட்டாம் திகதி, என் கைக்கு வந்தது.