மெஸ்டரின் கிற்றாருக்கு நான் கால் பூட்டிய விதம்

டென்மார்க்குக்கு வந்த புதிதில் நான் ஒரு விஷயத்தை முழுமனதாக நம்பியிருந்தேன். டேனிஷ்காரர் ஒருவரிடம் "இல்லை" என்று சொன்னால் அது எப்படியோ கொப்பன்ஹேகன்வரை போய்விடும். அங்கே ஓர் அலுவலகத்தில், என் மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடுவதற்கு நான் கொடுத்த விண்ணப்பம் ஒரு கோப்புக்குள் கிடந்தது. நான் இருந்த ஹேர்னிங் என்ற ஊரில் யாரையாவது பார்த்து முகத்தைச் சுளித்தால் அந்தக் கோப்பு அடுக்கில் ஒரு அங்குலம் கீழே போகும். சிரித்தால் ஒரு அங்குலம் மேலே வரும். இதை எனக்கு யார் சொன்னது என்று கேட்காதீர்கள். ஒருவரும் சொல்லவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன்.

ஆகவே எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்லுகிற ஆளாக இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவின் நாயை மழைக்குள் நடக்கக் கூட்டிப்போனேன். நாய் என்றால் எனக்குச் சிறுவயதிலிருந்தே நடுக்கம். ஈரலை அரைத்துப் பாணில் பூசித் தந்தார்கள். அருமை என்று இரண்டாவது துண்டும் வாங்கினேன். மாசி மாதக் குளிரில் கடலில் குளிக்க வருகிறாயா என்று வேலையிடத்தில் ஒருவர் கேட்டார். அதற்கும் ஓம். நல்லகாலம், போகவேண்டிய நாளன்று அவருக்குத் தடிமன் பிடித்துவிட்டது.

நான் வேலை செய்தது ஒரு பின்னல் ஆலையில். எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவரை மெஸ்டர் என்று கூப்பிடுவோம். உயரமான மனிதர், ஐம்பது வயதிருக்கும். ஒரு நாளைக்கு மொத்தம் பத்துச் சொல் பேசுவார். சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்து விடுதிகளில் நடக்கும் நடனங்களுக்கு ஸ்டீல் கிற்றார் வாசிப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து, ஏன் சாப்பிடாமல் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். மனைவியின் கடிதம் அது. கொழும்பில் ஒரே அறையில் ஏழுபேரோடு இருக்கிறார்கள், பொலிஸ் பதிவுக்கு அலைகிறார்கள், மகளுக்கு முன்பல் ஆடத் தொடங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த டேனிஷில் அவ்வளவையும் சொன்னேன். பல்லைக் கைவிரலால் ஆட்டிக் காட்டினேன். மெஸ்டர் அந்த அலுவலகத்துக்குத் தான் ஒரு கடிதம் எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு நான் மூன்று இடத்தில் நூலைத் தவறாகக் கோத்தேன்.

அடுத்த கிழமை, வியாழக்கிழமை, தன் கிற்றாரின் கால் ஆடுகிறது, சனிக்கிழமை வாசிக்கவேண்டும், இதைத் திருத்தத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று மெஸ்டர் பொதுவாகக் கேட்டார். என் கை எனக்கு முன்னமே உயர்ந்துவிட்டது. ஊரில் நான் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். என் கையில் இருந்த ஒரே ஆயுதம் ரப்பர் முத்திரை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மெஸ்டர் அதைக் காரில் கொண்டுவந்து எங்கள் குசினியில் வைத்துவிட்டுப் போனார். நான் தோளில் மாட்டுகிற கிற்றாரை எதிர்பார்த்திருந்தேன். இது மேசை. நாலு காலில் நிற்கும், மேலே கம்பிகள், கீழே காலால் மிதிக்கிற பெடல்கள். பெடலை அழுத்தினால் ஒரு மூலை மாடு தலையாட்டுவதுபோல ஆடியது. கவிழ்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு மூலையிலும் ஒரு சிறிய இரும்புத் தட்டு. அதன் நடுவில் மரை வெட்டிய துளை. காலின் தலையிலுள்ள மரையை அதற்குள் சுற்றி ஏற்றவேண்டும். வாசித்து முடிந்ததும் காலைக் கழற்றினால்தான் கிற்றார் தன் பெட்டிக்குள் போகும். நான் எவ்வளவு சுற்றி இறுக்கினாலும் அந்த ஒரு கால் ஆடிக்கொண்டேயிருந்தது.

என்னோடு அந்த வீட்டில் இருந்த மன்னார்ப் பெடியனுக்கு வேறொரு தொழிற்சாலையில் வேலை. அவன் தன் மனைவிக்காகக் கொடுத்த விண்ணப்பமும் அதே அலுவலகத்தில்தான் கிடந்தது. ஆனால் அவன் யாருக்கும் பயமில்லாமல் "இல்லை" சொல்லுவான். ஞாயிறு பூசை இருக்கிறது, வேலைக்கு வரமாட்டேன் என்று தன் முதலாளிக்கே சொன்னவன். பாவம், இவன் மனைவி வந்து சேரப்போவதில்லை என்று நான் உள்ளுக்குள் இரக்கப்படுவேன்.

"அண்ணை, உங்களுக்கு இந்த வேலை தெரியுமே?"

தெரியாது என்றேன்.

"பிறகேன் ஓமெண்டனீங்கள்?"

"கடிதம் எழுதப்போற மனுசனுக்கு எப்பிடியடாப்பா இல்லையெண்டுறது?"

"அப்ப கிற்றாருக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் மரை கழண்டிட்டுது" என்றுவிட்டு அவன் கடைக்குப் போனான்.

மரை தேய்ந்துவிட்டது என்பது என் முடிவு. ஊரில் தண்ணீர்க் குழாய் பூட்டுகிறவர்கள் மரையில் சணல் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் சணல் இல்லை. ஆலையிலிருந்து வந்த பருத்தி நூல் இருந்தது. சுற்றி இறுக்கினேன். கால் நின்றது. கடவுளே என்று பெடலை மிதித்தேன். மறுபடியும் தலையாட்டியது. நூலைப் பிய்த்துவிட்டுக் குழாய்க்கு ஒட்டுகிற வெள்ளை நாடாவைச் சுற்றினேன். அதுவும் அப்படித்தான். மூன்றாவதாக, இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கிற பசை. கலந்தேன், துளைக்குள் தாராளமாக ஊற்றினேன், காலை ஏற்றி முழுப்பலத்தோடு இறுக்கினேன். மனம் நிம்மதியாக இருந்தது. தேத்தண்ணி போட்டேன். கோப்பையை வாயில் வைத்தபோதுதான் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. காலைக் கழற்றினால்தான் கிற்றார் போகிற பெட்டி.

குறட்டால் திருகினேன். சுடுதண்ணீர்த் துணி சுற்றினேன். மகளின் வயதுப் பிள்ளைபோல அந்தக் காலைக் கட்டிப்பிடித்துத் தொங்கினேன். அது கல்லாகிவிட்டது. கொப்பன்ஹேகனில் என் கோப்பு அடுக்கின் அடிக்கு இறங்கி, தரையைத் துளைத்துக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது.

கடையிலிருந்து வந்த பெடியன் முழங்காலூன்றி அடியில் விரலால் தடவிப் பார்த்தான். "அண்ணை, மரையிலை ஒரு பிழையுமில்லை. தட்டை மரத்தோடை பிடிக்கிற ஸ்க்ரூ மூண்டுமெல்லோ கழண்டுகிடக்குது." ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூன்றையும் இறுக்கினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆட்டம் நின்றது. கால் மட்டும் என்றென்றைக்குமாக அங்கேயே நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் மெஸ்டர் வந்தார். காலையிலிருந்து மனப்பாடம் செய்த வசனத்தைச் சொன்னேன்: கால் ஆடாது, ஆனால் கழலாது. மன்னிக்கவேண்டும் என்பதை மூன்று தரம் சொன்னேன். பிறகு வாய் தானாகவே, "அந்தக் கடிதத்தை எழுதுவீர்களா?" என்று கேட்டுவிட்டது.

மெஸ்டர் என்னை விளங்காமல் பார்த்தார். "அதைத் திங்கட்கிழமையே தபாலில் போட்டுவிட்டேனே" என்றார்.

பிறகு குனிந்து அந்த மூன்று ஸ்க்ரூவையும் திரும்பக் கழற்றினார். கால் தட்டோடு சேர்ந்து அவர் கையில் வந்தது. அதைப் பெட்டிக்குள் வைத்தார். "மோசமில்லை" என்றார். ஹேர்னிங் இருக்கிற யூலாந்துப் பக்கத்து ஆட்களின் வாயில் அது பெரிய பாராட்டு. எனக்கு அழுகை வந்தது, சிரித்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து அவருக்குப் பதில் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் என் மேசையில் வைத்தார். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று இரண்டு வரி. அவர் இன்னொரு கடிதம் எழுதினார். அதற்கும் அதே இரண்டு வரி. நான் தொடர்ந்து நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தேன், ஈரலைச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எங்களைப்போன்ற தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை நீதி அமைச்சரே வேண்டுமென்றே தொடாமல் வைத்திருக்கச் சொன்னார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. பேப்பரில் நாள்தோறும் வந்தது. ஆலையில் மெஸ்டர் அதை மடித்து என் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போவார்.

அந்தக் கிற்றார் வேலைக்கு மூன்று வருடம் கழித்து எனக்கு அனுமதி வந்தது. மன்னார்ப் பெடியனுக்கும் அதே கிழமை வந்தது. அவனுக்காக ஒருவரும் கடிதம் எழுதவில்லை. மகள் விமானத்தால் இறங்கி வந்தபோது அவளுக்கு முன்பற்கள் எல்லாம் புதிதாக முளைத்திருந்தன.