ஊருக்குள் வந்த சிவலைப் பசு

“…களவெடுத்தவன் மாட்டை ஊருக்கு வெளியில கொண்டு போவானா, உள்ளுக்குக் கொண்டு வருவானா? நீங்களே சொல்லுங்க அக்கா!”

வெல்லாவெளிப் பக்கத்து மனிதர் இப்படிக் கேட்டபோது, அவரைச் சுற்றி நின்றது எங்கள் சிவில் பாதுகாப்புக் குழு. எங்கள் ஊரான பழுகாமத்தில் மாட்டுக் களவு கூடியதால் பொலிஸார் ஊராரைச் சேர்த்து அமைத்த குழு அது. அவர் பிடித்து வந்த சிவலைப் பசுவின் தொடையில் எங்கள் வீட்டுக் குறி சுடப்பட்டிருந்தது. மாரி மழையில் காணாமல் போன என் பசு. கண்டதும் “கள்ளன்!” என்று கத்தி, பொலிசுக்கும் அறிவித்தவள் நான்தான்.

“மழைக்குள்ள எங்கட பட்டியோட சேர்ந்திட்டுது. விசாரிச்சன், பழுகாமத்துக் குறி எண்டாங்க. அதான் நடத்திக்கொண்டு வாறன்,” என்றார்.

வந்திறங்கிய சார்ஜன்ட் நடந்ததைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன அக்கா, மாட்டைக் கொண்டு வாறவனுக்கு விலங்கு, கொண்டு போறவனுக்குத் தேத்தண்ணியா?”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஊரைக் காப்பதென்றால் வெளியூர் ஆட்களைச் சந்தேகிப்பது என்றே அதுவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் தெரியாத முகத்தைக் கண்டால், “எங்க இருந்து வாறீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அது கிடக்கட்டும்,” என்று கயிற்றை என் கையில் தந்தவர், கைத்தொலைபேசியை எடுத்து, தன் பட்டியில் சொந்தக்காரர் தெரியாமல் நிற்கும் இன்னும் இரண்டு மாடுகளின் குறிகளை எங்கள் குழுவினருக்குக் காட்டத் தொடங்கினார்.