கிழியாத பாவாடை

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. பள்ளிக்கூடத்தின் பின்வாசலுக்கு எதிரே ஒரே அறை. அதில் மெஷின், வெட்டும் மேசை, சுவரில் மகளின் படிப்பு அட்டவணை. புதன்கிழமைதோறும் சீருடைகள் மூட்டையாக வந்து விழும். முட்டி தேய்ந்தது, பை பிய்ந்தது, பட்டன் போனது. துணியைப் பார்த்தே எந்தப் பிள்ளை பந்து விளையாடுகிறது, எது சுவரேறுகிறது என்று சொல்லிவிடுவாள். "உங்க பையன் நடக்கிறதே முட்டியாலதானா?" என்று கேட்டு அம்மாக்களைச் சிரிக்கவைப்பாள்.

அந்தப் புதன்கிழமை, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் பாவாடையையும் நீளம் இறக்கிவிடலாமென்று கையிலெடுத்தாள். ஆறு மாதம் உடுத்தியது. ஓரத்தில் ஒரு நூல் பிரியவில்லை. பின்பக்கம் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்தது.

ஓடியாடுகிற பிள்ளையின் துணி இப்படி இருக்காதே என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை டீச்சரிடம் போய் நின்றாள். இடைவேளையில் பிள்ளையை உள்ளேயே வைத்து எழுதவிடச் சொன்னது நீங்கள்தானே என்றார் டீச்சர். ஆமாம், அவள்தான். கணக்கில் இரண்டு மார்க் குறைந்தபோது சொன்னது. போதும் என்று சொல்லத்தான் மறந்திருந்தாள்.

"இப்ப வெளிய போன்னாலும் போறதில்லம்மா. கதவுகிட்ட நின்னு மத்ததுங்களைப் பாக்குறா."

அன்று சாயங்காலம் மகளிடம் நாளையிலிருந்து விளையாட வேண்டும் என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டு, மகள் அதையும் அட்டவணையில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் பாவாடை ஓரம் கிழிந்து வந்தது. தையலக்காவுக்குப் போன உயிர் திரும்பியது. "விழுந்துட்டியா கண்ணு?"

"ஆமாம்மா. விளையாடினேன்."

ஊசியில் நூல் கோக்கும்போதுதான் பார்த்தாள். இழுபட்டுக் கிழிந்த துணியில் நூல் பிசிறு பிசிறாக நிற்கும். இது நேர்க்கோடு. கத்தரி பட்ட வெட்டு.

ஊசியைக் கீழே வைத்தாள். கேட்டுத் திட்டினால், அடுத்தமுறை பிசிறு வருகிறமாதிரி கிழிக்கக் கற்றுக்கொள்வாள். எதையும் ஒருதடவை சொன்னால் போதும் அவளுக்கு.

மெஷினை மூடினாள். மேசையை ஓரம் தள்ளி, துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் தரையில் நொண்டியடிக்க எட்டுக் கட்டம் வரைந்தாள். தானே ஒற்றைக்காலில் தாண்டினாள்; மூன்றாவது கட்டத்தில் தடுமாறி மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் சிரிக்கவில்லை. "இதுக்கு மார்க் உண்டாம்மா?"

"இல்ல."

"கோட்டை மிதிச்சா?"

"மறுபடியும் ஆடலாம்."

மகள் முதல் கட்டத்துக்கு முன்னால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். எங்கே தானே அவளைத் தள்ளிவிட்டுவிடுவோமோ என்று பயந்து, தையலக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.