ஒரு ஃபார்முக்குப் பத்து கிலோ சாமந்தி

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. காலை ஏழரை மணி. இடுப்பில் மடி கட்டிக்கொண்டு சாமந்திப் பூ பறித்துக்கொண்டிருக்கிறீர்கள். பதினோரு மணிக்குப் பூ ஏற்ற டெம்போ வந்துவிடும். அப்போது ஒருத்தி வரப்பில் வந்து நின்று, "அக்கா, ஒரு உதவி..." என்கிறாள். என்ன சொல்வீர்கள்?

நான் என்ன சொன்னேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

"அப்புறம் வா" என்றேன்.

இது நடந்து சில வாரங்கள் ஆகின்றன. அப்போதே எழுதியிருப்பேன். ஆனால் விஷயம் எப்படி முடிகிறது என்று தெரியாமல் எழுத மனம் வரவில்லை. இந்தத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

வரப்பில் வந்து நின்றவள் முனிரத்னா. பக்கத்துத் தோட்டத்து மருமகள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். பெண் குழந்தை யு.கே.ஜி. படிக்கிறது. வீட்டுக்காரர் பெங்களூரில் கார் ஓட்டுகிறார். அவர்கள் தோட்டத்தில் இந்த முறை தக்காளி. முந்தின நாளே பறித்து மண்டிக்கு அனுப்பிவிட்டதால் அன்று காலை அவளுக்கு வேலை இல்லை.

தர்மபுரியில் ஓராண்டு நர்சிங் உதவியாளர் பயிற்சி ஒன்று நடக்கிறது. அதில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. "கழுத்துல ஒரு ஐடி கார்டு தொங்கணும்க்கா. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான் போட வேண்டும். அன்று கடைசி நாள். பகல் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். முந்தின நாள் ப்ரௌசிங் சென்டருக்குப் போயிருக்கிறாள். கூட்டத்தில் நின்று நின்று, இவள் முறை வருவதற்குள் பிள்ளையைப் பள்ளியில் இருந்து அழைக்கும் நேரம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தன் போனிலேயே மாலை முழுக்க முட்டி மோதியிருக்கிறாள். போட்டோ ஏறவில்லை.

"டெம்போ போனதும் பண்ணித் தரேன். ஒரு மணி நேரம் இருக்குது இல்ல?" என்றேன்.

"போன வருசமும் கடைசி ஒரு மணி நேரத்துலதான்க்கா போட்டன். போன்ல அந்த வட்டம் சுத்திக்கினே இருந்துச்சு. பன்னெண்டு ஆயிடுச்சு. மூடிட்டாங்க."

நான் பறிப்பதை நிறுத்தவில்லை. "பூவ விட்டுட்டு எப்படி வர்றது?"

"பூவ நான் பறிக்கறன். நீ ஃபார்ம் போடு."

சிரித்தேன். வாசகர்களே, சத்தமாகவே சிரித்தேன்.

ஏனென்றால் பூ பறிப்பதில் எங்கள் பக்கம் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு எட்டு கிலோ. முனிரத்னா அடித்துப் பிடித்தாலும் ஐந்துதான். ஃபார்ம் நிரப்புவதிலும் நான்தான் வேகம்: எனக்கு ஒரு மணி நேரம், அவளுக்கு ஒரு பொழுது போனாலும் முடியுமா என்பது சந்தேகம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். "படிச்ச பொண்ணு மண்ணுல எறங்காது" என்று ஊர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே, லீவு விட்டால் முதல் ஆளாகத் தோட்டத்தில் நிற்பேன். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே அதைப் பற்றி இரண்டு முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டிருக்கிறீர்கள்.

அந்தத் திமிரில் சொன்னேன்: "நீ பறிச்சா என் பூவெல்லாம் செடியிலயே ஆயுத பூஜை கொண்டாடும்!"

அடுத்த வரிசையில் இருந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முனிரத்னாவுக்கு வரவில்லை. ஆனால் அவள் போகவும் இல்லை. காரிமங்கலம் சந்தையில் தக்காளி விற்றுப் பழகியவள். முதல் விலையைக் கேட்டுவிட்டு யார் போவார்கள்?

"சரிக்கா. உனக்கு ஃபார்ம் போட எத்தன நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரம்."

"அதுக்கு நான் ரெண்டு மணி நேரம் பறிக்கறன். சரியா?"

என் கை நின்றது.

அவள் இரண்டு மணி நேரம் பறித்தால் பத்து கிலோ. நான் அந்த ஒரு மணி நேரம் பறித்திருந்தால் எட்டு. உட்கார்ந்த இடத்தில் எனக்கு இரண்டு கிலோ கூடுதல்! சரி, அப்படியானால் நஷ்டம் அவளுக்கா? அதுவும் இல்லை. அவளே ஃபார்ம் போட்டால் குறைந்தது ஐந்து மணி நேரம். அந்த நேரத்தில் அவள் இருபத்தைந்து கிலோ பறித்துவிடுவாள். ஆக, ஒரு ஃபார்முக்கு என் விலை எட்டு கிலோ, அவள் விலை இருபத்தைந்து. நடுவில் பத்து என்று பேரம் படிந்தால் இரண்டு பேருக்கும் லாபம். இரண்டு வேலையிலும் நான்தான் கெட்டி. ஆனாலும் லாபம்!

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று சொன்னேனா? ஒரு தனியார் பள்ளியில். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு என்ன பாடம் எடுக்கிறேன்? பொருளியல்.

இரண்டு நாடு, இரண்டு பொருள் என்று போர்டில் கட்டம் போடுவேன். ஒரு நாடு இரண்டிலும் கெட்டி, இன்னொன்று இரண்டிலும் மந்தம், இருந்தாலும் மாற்றிக்கொண்டால் இரண்டுக்கும் நன்மை என்று தொண்டை வற்றக் கத்துவேன். "அடுத்த நாட்டோட ஒப்பிடாதீங்க. இதச் செய்யறதால நீங்க எத விடறீங்க, அதப் பாருங்க" என்பேன். கல்லூரியில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான். அதே கேள்வி வரப்பில் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

"சரி, எறங்கு" என்றேன். முனிரத்னா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசைக்குள் இறங்கினாள்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் என் திமிர் இன்னும் வடியவில்லை. எட்டு கிலோவை விட்டுவிட்டு எதற்கு உட்கார வேண்டும்? பூவும் பறிக்கிறேன், நடுநடுவே ஃபார்மும் போடுகிறேன்... நமக்குத்தான் இரண்டும் வருமே!

மடியில் பூ, கையில் என் போன். பனி ஈரம் பட்ட விரலுக்கு ஸ்க்ரீன் அசையவே இல்லை. சேலையில் துடைத்தால் மகரந்தம் ஒட்டுகிறது. பிறந்த தேதியில் மாதம் தப்பு. திருத்தினால் பெயர் அழிந்துபோகிறது. நான்கு பூ பறிப்பதற்குள் ஓ.டி.பி. வந்து காலாவதியாகிறது. அது வருவதும் அவள் போனுக்கு இல்லை, பெங்களூரில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் போனுக்கு.

முனிரத்னா பறித்துக்கொண்டே கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு, "மாமா, நம்பர் வந்துச்சா? வந்துச்சா?" என்று கத்துகிறாள். அவர் அந்தப் பக்கம், "வண்டியில ஆளு இருக்காங்கடி, அப்புறம் சொல்றன்" என்கிறார். அவருடைய 'அப்புறம்' வருவதற்குள் எங்கள் நம்பர் செத்துவிடும்.

பத்து மணி. மூன்றாவது தடவையும் பழைய நம்பரையே போட்டுத் தொலைத்தேன். ஸ்க்ரீனில் சிவப்பு எழுத்து. 'அரை மணி நேரம் கழித்து முயலவும்.'

அவளிடம் காட்டினேன். படித்தாள். கையில் இருந்த பூவை மடியில் போட்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"அக்கா, உன் வேலய நான் செய்யறன், என் வேலய நீ செய்யறன்னுதான் பேரம். நீ உன் வேலயும் செஞ்சிக்கினு இருந்தா அப்புறம் பேரம் எதுக்கு?"

அடுத்த வரிசையில் இருந்து அம்மா வந்தாள். என் மடியை எட்டிப் பார்த்தாள்.

"அடியே, பாதிப் பூவு நசுங்கிக் கெடக்குது! ரெண்டு கையில ரெண்டு வேல வெச்சிக்கினு ரெண்டயும் கெடுக்கற. போ, கைய கழுவிக்கினு கொட்டாயில போயி ஒக்காரு!"

மடியை அவிழ்த்தேன். கையைக் கழுவினேன். மோட்டார் கொட்டகைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். இத்தனைக்கும் நான் செய்திருக்க வேண்டியது அந்த ஒரு வேலையைத்தான்.

கிடைத்த அரை மணி நேரத்தில் போட்டோவைப் பார்த்தேன். ஏறாததற்குக் காரணம் தெரிந்தது. கல்யாண ஆல்பத்தில் இருந்து வெட்டிய படம். பின்னால் பந்தல், வாழைமரம், யாரோ ஒரு மாமா. வெள்ளைப் பின்னணி வேண்டும், ஐம்பது கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதே! முனிரத்னாவைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிற்க வைத்தேன். கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியை எடுத்துக்கொண்டு அம்மா அவள் பின்னால் போய் விரித்துப் பிடித்தாள்.

"சிரிக்கலாமாக்கா?"

"வாய மூடிக்கினு சிரி."

"அத்தை, கைய ஆட்டாதீங்க!"

"கை வலிக்குதுடி, சீக்கிரம் புடிங்க! டெம்போ வந்துடும்" என்று வேட்டிக்குப் பின்னாலிருந்து அம்மா குரல் வந்தது.

படம் எடுத்ததும் இரண்டு பேரும் பூவுக்கு ஓடினார்கள். பத்தரைக்கு மறுபடி திறந்தது. காய்ந்த கை, ஒரே வேலை. எழுத்தெல்லாம் கூப்பிட்டால் வந்தது. ஓ.டி.பி.க்கு நானே அவள் வீட்டுக்காரரை அழைத்தேன். "வண்டியில ஆளு..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே பின் சீட்டில் இருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஓரமா நிறுத்திச் சொல்லுங்க சார், காலையில இருந்து பாவம் எத்தனை தடவைதான் கேப்பாங்க!" அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டு ஆயுத பூஜை அமோகமாக நடந்திருக்கட்டும்.

பதினொன்றுக்கு டெம்போ பூவை ஏற்றிக்கொண்டு போனது. முனிரத்னா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமர்ப்பி என்பதை அழுத்தினேன். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அதே வட்டம். போன வருஷத்து வட்டம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "வந்தா மட்டும் சொல்லு" என்றாள்.

பதினொன்று இருபதுக்கு விண்ணப்ப எண் வந்தது. சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்த வேகத்தில் கட்டில் கயிறு ஒன்று அறுந்தது.

எடையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வேலையும் செய்கிறேன் என்று இரண்டு மணி நேரம் நான் பறித்தது ஆறே கிலோ. அவள் பறித்தது பேசிய பத்துக்குப் பதினான்கு. கூடுதலாக இருந்த நாலு கிலோவை டெம்போவில் ஏற்றாமல் அம்மா தனியாக எடுத்து வைத்திருந்தாள். முனிரத்னாவின் பையில் கொட்டி, "உங்க வூட்டுக் கதவு, வண்டி, அடுப்பு, எல்லாத்துக்கும் வெய்யி" என்றாள். அவள் போன பிறகு என் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவளே போட்டா அஞ்சு மணி நேரம் ஆவும்ன. மூணு மணி நேரம் கேட்டிருந்தாக்கூட ஒத்துக்கினு இருப்பா இல்ல?"

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனால், வரப்பில் நான்கு பெண்கள் போனோடு நிற்கிறார்கள். ஒருத்திக்கு முகவரி மாற்ற வேண்டும், ஒருத்திக்குப் பிள்ளையின் உதவித்தொகை... எனக்கு முன்னால் அம்மா பேசிவிட்டாள். "ஒரு ஃபார்முக்கு ரெண்டு மணி நேரம். ஆளுக்கு ஒரு வரிசை புடிங்க!"

பொழுது உச்சிக்கு வரும்வரை நான் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு பூவைக்கூடத் தொடவில்லை. அன்றைக்குப் போல எங்கள் தோட்டத்தில் என்றைக்கும் பூ இறங்கியதில்லை. 'படிச்ச பொண்ணு மண்ணுல எறங்கல' என்று யாராவது சொன்னார்களா? யாருக்கு நேரம் இருந்தது?

ஆகவே வாசகர்களே, 'எல்லாவற்றையும் நீங்களே செய்கிறீர்களே!' என்று முன்பு என்னைப் பாராட்டி எழுதியவர்கள் தயவுசெய்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நாமே செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் அந்தச் சுகத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அன்று காலை என் சுகத்துக்கான விலையை முனிரத்னா கொடுக்க இருந்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். வெளிர்நீலச் சீருடை. இழுத்துப் பின்னிய ஜடை. கழுத்தில் அது தொங்கியது. அதை முன்னால் எடுத்துவிட்டு, பின்னால் தள்ளி, மறுபடி முன்னால் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம பூ இருக்குது, வரியா?" என்றேன். "ஃபார்ம் ஏதாவது இருந்தா போட்டுத் தரேன்."

"முடியாதுக்கா, ஞாயித்துக்கெழம ரெக்கார்டு நோட்டு எழுதணும்." பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிச் சிரித்தாள். "என் நேரத்துக்கு இப்ப வெல ஏறிப்போச்சுக்கா!"

பஸ் கிளம்புவதற்குள் அந்த ஐடி கார்டைக் கிட்டத்தில் பார்த்துவிட்டேன். அதே போட்டோ. பின்னால் அப்பாவின் வேட்டி. ஓரத்தில் அம்மாவின் கட்டை விரல். காதோரம் முடியில் ஒரு மஞ்சள் சாமந்தி இதழ்.

அன்றைய எடையில் அந்த ஒரு இதழ் குறைந்திருக்கிறது. போகட்டும், நான் கேட்கப்போவதில்லை.